தணிக்கை விதிகளைக் கெர்னலில் பூட்டுவதா, திறந்து வைத்துக் காவல் இருப்பதா?

லினக்ஸ் சர்வர் ஒன்றில் தணிக்கையை, அதாவது யார் என்ன செய்தார் என்று இயந்திரமே பதிந்துவைக்கும் அமைப்பை, இயக்கும்போது, எவற்றையெல்லாம் பதிய வேண்டும் என்ற கேள்வியில் நிர்வாகிகள் நாள்கணக்கில் மூழ்கிவிடுகிறார்கள். எழுதி முடித்த விதிகளை நாளை யார் மாற்றலாம் என்ற கேள்விக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. கடவுச்சொல் கோப்பை யார் தொட்டாலும் குறித்து வை, வேறொருவரின் அதிகாரத்தோடு கட்டளையை ஓட்டும் சுடோ வழியாக ஓடும் ஒவ்வொரு கட்டளையையும் குறித்து வை, கடிகாரத்தை யார் நகர்த்தினாலும் குறித்து வை என்று நூறு விதிகள் இருந்தாலும், ரூட் என்ற முழு நிர்வாக அதிகாரம் கைக்கு வந்த ஒருவர் ஒற்றைக் கட்டளையில் அந்த நூறையும் துடைத்துவிடலாம். துடைத்த பிறகு அவர் செய்பவற்றுக்குச் சாட்சி எதுவும் இல்லை.

இந்த ஓட்டையை அடைக்கவே, இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் ஒரு பூட்டு இருக்கிறது. ரிக் ஃபெய்த் எழுதிய தணிக்கை அமைப்பு 2004-இல் 2.6.6 பதிப்போடு லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது. அதை இயக்கலாம் அல்லது நிறுத்தலாம். அவ்வளவுதான் அப்போது இருந்தது. 2007-இல் ஸ்டீவ் கிரப் மூன்றாவது நிலை ஒன்றைக் கொண்டுவந்தார். இந்த நிலையைக் கெர்னல் ஒரு மாறியில் எண்ணாக வைத்திருக்கிறது. அந்த மாறியின் மதிப்பு 0 என்றால் தணிக்கை ஓடவில்லை. 1 என்றால் ஓடுகிறது. 2 என்றால் ஓடுகிறது, ஆனால் அதன் அமைப்புகளை யாரும் தொட முடியாது. விதி சேர்க்கவோ நீக்கவோ, பதிவுகள் காத்திருக்கும் வரிசையின் கொள்ளளவை மாற்றவோ, தணிக்கையை நிறுத்தவோ, மதிப்பை 2-இலிருந்து 1-க்கு இறக்கவோ யார் முயன்றாலும், ரூட்டாகவே இருந்தாலும், கெர்னல் அனுமதி மறுக்கிறது. மறுத்ததோடு நில்லாமல், 1305 என்ற எண்ணுள்ள அமைப்பு மாற்றப் பதிவாக அந்த முயற்சியையும் தோல்வி என்று குறித்து எழுதிவைக்கிறது. பூட்டைத் திறக்கச் சாவி கிடையாது. இயந்திரத்தை மறுதொடக்கம் செய்வது ஒன்றே வழி.

சிஐஎஸ் என்ற கணினிப் பாதுகாப்பு அமைப்பின் வரையறைகளும், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஸ்டிக் என்ற பாதுகாப்பு வழிகாட்டிகளும் இந்தப் பூட்டைக் கேட்கின்றன. ஆகவே இணக்கச் சோதனையில் ஒரு கட்டத்தை நிரப்புவதற்காக மட்டும் இதைப் போட்டுவிட்டு மறந்துவிடுபவர்கள் பலர். அப்படிப் போடுவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இந்தப் பூட்டின் எதிராளி சாதாரணப் பயனர் அல்லர். அவருக்கு விதிகளைத் தொடும் உரிமை முதலிலேயே இல்லை. ஏற்கெனவே ரூட் ஆகிவிட்ட ஒருவரை எதிர்த்தே இந்தப் பூட்டு நிற்கிறது. ரூட் ஆனவரால் விதிக் கோப்பைத் திருத்திவிட்டு மறுதொடக்கம் செய்ய முடியும். எனவே பூட்டு அவரைத் தடுப்பதில்லை. சத்தமில்லாமல் முடிந்திருக்கக்கூடிய வேலையை, மறுதொடக்கம் என்ற பெருஞ்சத்தத்தோடு செய்ய வைக்கிறது. அந்தச் சத்தத்தைக் கேட்க ஆள் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தே பூட்டின் மதிப்பு அமைகிறது. கீழே ஒப்பிடப்படும் ஒவ்வொரு வழியையும் இந்த அளவுகோலை வைத்தே பார்க்கிறேன்.

பூட்டாமல், பதிவை வெளியே அனுப்புவது

முதல் வழி, மதிப்பை 1-இலேயே விட்டுவிட்டு, ஒவ்வொரு பதிவையும் உண்டான கணத்திலேயே வேறோர் இயந்திரத்துக்கு அனுப்பிவிடுவது. பூட்டு இல்லாதபோதும் விதி மாற்றங்களைக் கெர்னல் 1305 பதிவாக எழுதத்தான் செய்கிறது; அந்தப் பதிவில் மாற்றியவரின் உள்நுழைவு அடையாள எண்ணும் இருக்கும். ஒருவர் தன் பெயரில் உள்நுழைந்து, பிறகு சுடோ வழியாக ரூட் ஆனாலும், முதலில் நுழைந்தபோது ஒட்டிய அந்த எண் அவரோடு கூடவே வரும். ஆகவே விதிகள் துடைக்கப்பட்டன, துடைத்தவர் இன்னார் என்ற கடைசிச் செய்தி சேகரிப்பு இயந்திரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பதிவுகளைக் கெர்னலிடமிருந்து பெற்று எழுதும் பின்னணி நிரலான ஆடிட்-டி டீமனோடு வரும் தொலை அனுப்பிச் செருகியைக் கொண்டோ, ஆர்சிஸ்லாக் போன்ற பொதுப் பதிவுக் கருவிகளைக் கொண்டோ இதைச் செய்யலாம்.

இந்தியாவில் சர்வர் நடத்துபவர்களுக்கு இந்த வழியில் பாதி ஏற்கெனவே கட்டாயம். கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு, எல்லாத் தகவல் தொழில்நுட்ப அமைப்புகளின் பதிவுகளையும் 180 நாள்களுக்குப் பாதுகாப்பாக வைத்திருக்கச் சொல்கிறது. பாதுகாப்புச் சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது. பதிவுகள் தாக்கப்பட்ட இயந்திரத்தின் வட்டிலேயே கிடந்தால், 180 நாள் என்பது காகிதத்தில்தான் இருக்கும்.

இந்த வழியின் குறை வெளிப்படையானது. விதிகள் அழிந்த கணம் வரை எல்லாம் தெரியும். அதற்குப் பிறகு எதுவும் தெரியாது. அந்த ஒற்றை 1305 பதிவு, ஒரு நாளில் வரும் லட்சக்கணக்கான வரிகளுக்கு நடுவே விழுந்து கிடக்கும். அதற்கென்று எச்சரிக்கை விதி எழுதி, நள்ளிரவிலும் யாரையாவது எழுப்பும்படி செய்திருந்தால் மட்டுமே பயன். நிறைகளும் உண்டு. விதி ஒன்று அளவுக்கு மீறிக் கொட்டத் தொடங்கினால் உடனே நீக்கலாம். புதிய பாதிப்பு ஒன்று வெளியானால் அன்று மாலையே அதற்கான விதியைச் சேர்க்கலாம். ஓஎஸ்குவெரி போல, தணிக்கை விதிகளைத் தாமே இட்டுக்கொள்ளும் கண்காணிப்பு நிரல்களும் இந்த நிலையில்தான் ஒழுங்காக வேலை செய்கின்றன.

கெர்னல் பூட்டு: சிக்கல் எல்லாம் போடும் முறையில்

பூட்டைப் போடுவது ஒரு வரி வேலை. விதிக் கோப்புகள் ஓர் அடைவில் எண் வரிசையில் இருக்கும். அவற்றைத் தொகுத்து ஒரே கோப்பாக்கி, ஆடிட்-சிடிஎல் கருவி மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகக் கெர்னலுக்குள் ஏற்றும். 99 என்ற எண்ணோடு தொடங்கும் கடைசிக் கோப்பில், மதிப்பை 2 ஆக்கும் வரி இருக்க வேண்டும். கடைசியில் இருப்பது அவசியம். பூட்டிய பிறகு வரும் எந்த விதியும் ஏறாது.

இங்கேதான் நான் அதிகம் பார்த்த தவறு ஒளிந்திருக்கிறது. ஏற்றும்போது நடுவில் ஒரு விதியில் பிழை இருந்தால், கருவி அந்த இடத்திலேயே நின்றுவிடும். கண்காணிக்கச் சொன்ன கோப்பின் தாய் அடைவு இல்லை. விதியில் எழுதிய பயனர் பெயரை எண்ணாக மாற்ற முடியவில்லை, ஏனென்றால் பெயர்களைத் தரும் அடைவுச் சேவை தொடக்கத்தின் அந்த நொடியில் இன்னும் எழவில்லை. இப்படி எத்தனையோ காரணங்கள். கருவி நின்றால், கடைசி வரியில் உள்ள பூட்டும் ஏறாது. ஒரு நிறுவனத்தின் சர்வரில் பூட்டு வரி கோப்பில் அழகாக இருந்தது; கோப்பைப் படித்துப் பார்த்த தணிக்கையாளரும் சரி என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். கெர்னலைக் கேட்டபோது மதிப்பு 1 என்றது. பல மாதங்களுக்கு முன் நீக்கிய மென்பொருளின் அடைவைச் சுட்டிய விதி ஒன்று நடுவில் வழிமறித்துக்கொண்டிருந்தது. கோப்பைச் சோதிப்பது வேறு, ஓடும் கெர்னலைச் சோதிப்பது வேறு என்பதை அன்று நேரில் கண்டேன்.

இதற்கு மருந்தென்று, பிழைகளைப் பொருட்படுத்தாமல் தொடர்ந்து ஏற்று என்ற விருப்பத்தைச் சிலர் கோப்பின் தொடக்கத்தில் போடுகிறார்கள். அது நோயைவிட மோசமாகலாம். அப்போது பிழையான விதிகள் விடுபட்டுப் போக, மீதி மட்டும் ஏறி, கடைசியில் பூட்டும் விழுந்துவிடும். எண்பது விதிகள் மட்டும் உள்ள கெர்னல், நூறு இருப்பதுபோல உறுதியாகப் பூட்டி நிற்கும். விடுபட்ட இருபதைச் சேர்க்க இனி மறுதொடக்கம் வேண்டும். இதில் இரண்டு வகை உண்டு என்பதையும் கவனிக்க வேண்டும்: பிழையைத் தாண்டிப் போனாலும் இறுதியில் தோல்வி என்று அறிவிக்கும் விருப்பம் ஒன்று, எல்லாம் வெற்றி என்றே அறிவித்துவிடும் விருப்பம் இன்னொன்று. தாண்டித்தான் ஆக வேண்டும் என்றால் முதலாவதைத் தவிர வேறெதையும் நான் ஏற்பதில்லை. எதைத் தேர்ந்தெடுத்தாலும், ஒவ்வொரு தொடக்கத்துக்குப் பிறகும் கெர்னலில் உள்ள விதிகளின் எண்ணிக்கையையும் பூட்டு நிலையையும் கேட்டு, எதிர்பார்த்த எண்ணோடு ஒப்பிடும் சிறு சோதனை ஒன்று கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

பூட்டு உறையவைப்பது விதிகளை மட்டுமல்ல என்பது அடுத்த பொறி. பதிவுகள் ஆடிட்-டிக்குப் போகும்முன் காத்திருக்கும் வரிசையின் கொள்ளளவு, கெர்னலின் இயல்பில் 64 பதிவுகள்தான். பரபரப்பான சர்வருக்கு இது எந்த மூலைக்கும் போதாது. 8192 என்று வைப்பது பரவலான வழக்கம். குறைந்த அளவோடு பூட்டிவிட்டால், நெரிசல் நேரத்தில் பதிவுகள் தொலைந்துகொண்டே இருக்கும், கூட்டவும் முடியாது. வரிசை நிரம்பினால், பதிவு எழுப்பும் செயல்முறை எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்ற அளவும் இவ்வாறே உறையும். இயல்பாக அது 60 வினாடி. வட்டு மெதுவாகி ஆடிட்-டி திணறும் நாளில், தரவுத்தளமும் உள்நுழைவுச் சேவையும் அந்த வரிசையின் பின்னால் நிற்கும். பதிவு தொலைந்தால் என்ன செய்வது என்ற அமைப்பை 2 ஆக, அதாவது கெர்னலே உடனடியாக நின்றுவிட வேண்டும் என்று, வைத்துப் பூட்டுபவர்கள் இதை இரண்டு மடங்கு யோசிக்க வேண்டும். வேண்டுமென்றே வெள்ளமாகப் பதிவுகளை எழுப்பி சர்வரைச் சாய்க்கும் வழியை எதிராளிக்கு அவர்களே திறந்து தருகிறார்கள்.

எல்லாவற்றையும்விட வியப்பானது வேறொன்று. பூட்டிய நிலையிலும் கெர்னலே ஒரு விதியை நீக்கிவிடக்கூடும். கோப்பைக் கண்காணிக்கும் விதி, உண்மையில் அந்தக் கோப்பு இருக்கும் அடைவின்மீது கண் வைத்திருக்கிறது. கோப்பு அழிந்து அதே பெயரில் மீண்டும் உருவானால், விதி அதைத் தானாகவே பற்றிக்கொள்ளும். ஆனால் அடைவே அழிந்தாலோ, பெயர் மாறினாலோ, அது இருக்கும் கோப்பு முறைமை கழற்றப்பட்டாலோ, கண் வைக்க இடமில்லாததால் கெர்னல் அந்த விதியையே தன் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறது. இது நிர்வாகியின் வேண்டுகோள் அல்ல, கெர்னலின் உள்வேலை. ஆகவே பூட்டு குறுக்கே நிற்பதில்லை. பிறகு அடைவு பழைய பெயருக்குத் திரும்பினாலும் விதி திரும்பாது. சேர்க்கப் போனால், இப்போது அதே பூட்டு குறுக்கே நிற்கும். மென்பொருளை மேம்படுத்தும்போது பழைய அடைவை நகர்த்திவிட்டுப் புதியதை வைக்கும் வழக்கம் உள்ள இடங்களில், யாரும் தாக்காமலேயே விதிகள் இப்படி உதிர்ந்துவிடுகின்றன. விதி நீங்கியது என்று கெர்னல் எழுதும் 1305 பதிவு மட்டுமே இதற்குத் தடயம். பூட்டிவிட்டோம், விதிகள் மாறா என்று நம்பி அந்தப் பதிவுக்கு எச்சரிக்கை வைக்காமல் விட்டவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை.

இத்தனை பொறிகளைச் சொன்ன பிறகும் பூட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொறிகள் எல்லாம் போடும் முறையைச் சேர்ந்தவை, கவனத்தால் தீரும். பூட்டுக்கு வெளியே இருப்பவை அப்படித் தீராதவை.

முதலாவது, பதிவைப் பெறும் டீமன். கெர்னல் பூட்டு விதிகளைக் காக்கிறது. விதிகளால் பிறக்கும் பதிவு எங்கே போகிறது என்பதைக் காப்பதில்லை. ஆடிட்-டி இறந்து மறுபடி எழுவது அன்றாடம் நடக்கக்கூடியது என்பதால், பெறுபவரின் இடத்தில் புதிதாக ஒருவர் பதிவு செய்துகொள்வதைப் பூட்டிய நிலையிலும் கெர்னல் அனுமதித்தே ஆக வேண்டும். உயிரோடு இருக்கும் ஆடிட்-டியின் இடத்தை வேறொருவர் பிடுங்குவதைப் புதிய கெர்னல்கள் மறுக்கின்றன. ஆனால் அதை முதலில் கொன்றுவிட்டால், வருவதையெல்லாம் விழுங்கிவிட்டுச் சும்மா இருக்கும் ஒரு நிரல் அந்த இடத்தில் உட்கார முடியும். ஆடிட்-டியின் சொந்த அமைப்புக் கோப்பும் கெர்னலுக்கு வெளியே இருப்பதுதான். அதைத் திருத்தி, வட்டில் எழுத வேண்டாம் என்று சொல்லி, மறுபடி படிக்கச் சொன்னால் அது படித்துவிடும். ரெட் ஹாட் வகை லினக்ஸ் பகிர்வுகளில் (விநியோகத் தொகுப்புகளில்), சேவைகளை இயக்கி நிறுத்தும் சிஸ்டம்-டி வழியாக ஆடிட்-டியை நிறுத்தச் சொன்னால் மறுப்பு வரும்; நிறுத்தியவர் யார் என்ற அடையாளம் தொலையக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. கொல்லும் சமிக்ஞைக்கு எதிரே அது அரண் ஆகாது. கெர்னல் 3.16 முதல் பதிவுகளின் நகலைப் பலர் ஒரே நேரத்தில் கேட்கும் வழி இருக்கிறது. சிஸ்டம்-டியின் பதிவு நிரலான ஜர்னல்-டி அதன்வழி கேட்கிறது. இரண்டாவது காது ஒன்றை வைத்திருப்பவருக்கு, ஆடிட்-டி இறந்த செய்தியும் அதன்பின் நடந்தவையும் அந்த வழியில் கிடைக்கும்.

இரண்டாவது, உள்நுழைவு அடையாள எண். யார் செய்தார் என்பதைச் சொல்லும் அந்த எண்ணை, தணிக்கைக் கட்டுப்பாட்டு அதிகாரம் உள்ளவர் தன் செயல்முறைக்கு வேறொன்றாக மாற்றிக்கொள்ள முடியும். அப்போது பூட்டிய விதி பொய்ப்பெயரை உண்மையாகவே பதியும். ஒருமுறை இட்ட எண்ணை மாற்றவிடாத அமைப்பு 3.13 பதிப்பு முதல் தனியே உண்டு. பூட்டு வரிக்கு முன்னால் அதையும் இட வேண்டும். ஒரே கெர்னலைப் பகிர்ந்துகொண்டு தனித்தனியாக ஓடும் கண்டெய்னர்களில் சில வகைகளுக்கு அது இடைஞ்சல் தருகிறது என்பதால் சோதித்த பிறகே இடுவது நல்லது.

மூன்றாவது, கெர்னலின் நினைவகம். பூட்டு என்பது கடைசியில் ஓர் எண். அந்த எண்ணை நேரடியாகத் திருத்தும் மாடியூலை, அதாவது கெர்னலோடு இணைந்து ஓடும் நிரல்துண்டை, ஏற்ற முடிந்தவருக்கு எந்த அனுமதியும் தேவையில்லை.

அதிகாரத்தைப் பிரிப்பது

பூட்டுவதற்குப் பதிலாக, விதிகளை மாற்றும் அதிகாரத்தையே ரூட்டிடமிருந்து பிரித்தெடுக்கலாம் என்பது மூன்றாவது வழி. லினக்ஸில் ரூட்டின் வல்லமை பல துண்டுகளாகப் பகுக்கப்பட்டது. தணிக்கையைக் கட்டுப்படுத்துவது அவற்றில் ஒரு துண்டு, தணிக்கைப் பதிவு எழுதுவது இன்னொரு துண்டு. கண்டெய்னர்களை நடத்தும் கருவியான டாக்கர் தன் கண்டெய்னர்களுக்கு இயல்பாக எழுதும் துண்டைத் தருகிறது, கட்டுப்படுத்தும் துண்டைத் தருவதில்லை. யார் எதைத் தொடலாம் என்பதைக் கொள்கை எழுதிக் கட்டுப்படுத்தும் எஸ்இலினக்ஸில் இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கலாம்: பல அடுக்குப் பாதுகாப்புக் கொள்கையில், கணினி நிர்வாகி, பாதுகாப்பு நிர்வாகி, தணிக்கை நிர்வாகி என்று மூன்று வேறு பாத்திரங்கள் இருக்கின்றன. சர்வரை நடத்துபவர் விதிகளைத் தொட முடியாது. விதிகளை எழுதுபவர் சர்வரை நடத்த முடியாது.

கோட்பாட்டில் இதுவே மிக நேர்த்தியான விடை. மறுதொடக்கம் இல்லாமலே உரியவர் விதிகளை மாற்றலாம், உரிமையற்றவர் மாற்ற முடியாது. நடைமுறையில் இதை முழுமையாக நடத்த, மூன்று பாத்திரங்களுக்கு மூன்று வேறு மனிதர்கள் வேண்டும். பெரிய வங்கியிலோ பாதுகாப்புத் துறையிலோ அது கிடைக்கலாம். இரண்டு பேர் நாற்பது சர்வர்களைப் பார்க்கும் இடத்தில், ஒருவரே மூன்று தொப்பிகளையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வார். அவருடைய சாவி திருடுபோனால் மூன்று தொப்பிகளும் சேர்ந்தே போகும். பெரும்பாலான பகிர்வுகளில் இயல்பாக வரும் இலக்குக் கொள்கையில் நிர்வாகி கட்டுப்பாடற்ற வெளியில்தான் உலவுகிறார். அங்கே இந்தப் பிரிவினை நடைமுறையில் இல்லை. அதோடு, எஸ்இலினக்ஸையே தளர்த்திவிட முடிந்தவருக்கு எதிரே அதன் பாத்திரங்கள் நிற்காது. கொள்கையை ஏற்றுவதையும் அமலாக்கத்தை மாற்றுவதையும் அடுத்த மறுதொடக்கம் வரை தடுக்கும் பூலியன் (ஆம்-இல்லை அமைப்பு) ஒன்று அதற்கும் இருக்கிறது. ஆக, கடைசியில் அங்கேயும் ஒரு பூட்டுக்குத்தான் வந்து சேர்கிறோம்.

பக்கவாட்டுக் கதவுகளை அடைப்பது

நான்காவதை மாற்று வழி என்பதைவிட, பூட்டுக்கான அடித்தளம் என்று சொல்வதே பொருத்தம். 2019 நவம்பரில் வந்த 5.4 பதிப்பிலிருந்து லாக்டவுன் என்ற பாதுகாப்புக் கூறு கெர்னலிலேயே இருக்கிறது. மாத்யூ காரெட் உள்ளிட்டோரின் பல ஆண்டு முயற்சி அது. அதன் முதல் நிலையில், கையொப்பமற்ற மாடியூலை ஏற்றுவது, நினைவகச் சாதனக் கோப்பு வழியாகக் கெர்னலைத் திருத்துவது, கையொப்பமற்ற வேறொரு கெர்னலுக்கு நேரே தாவுவது ஆகியவை ரூட்டுக்கும் மறுக்கப்படுகின்றன. கையொப்பம் சரியான கெர்னலை மட்டுமே தொடங்கவிடும் செக்யூர் பூட் இயங்கும் இயந்திரங்களில் பல பகிர்வுகள் இதைத் தாமாகவே இயக்கிவிடுகின்றன. செக்யூர் பூட் இல்லாத இடத்திலும், இனி மாடியூல் ஏற்ற வேண்டாம் என்று ஓடும் கெர்னலுக்குச் சொல்லும் ஒருவழி சிஸ்கண்ட்ரோல் அமைப்பும், இனி வேறு கெர்னலுக்குத் தாவ வேண்டாம் என்ற இன்னொன்றும் இருக்கின்றன. இரண்டுமே மறுதொடக்கம் வரை திரும்பாதவை.

ஒருவழியாக மட்டுமே இறுகும் இந்த எண்ணம் லினக்ஸில் புதிதாகப் பிறந்ததல்ல. 4.4 பிஎஸ்டி காலத்திலிருந்தே அந்த யூனிக்ஸ் குடும்பத்தில் செக்யூர்லெவல் என்ற எண் இருக்கிறது; ஏற்றலாம், இறக்க முடியாது. அது மாடியூல்களையும் நினைவகத்தையும் மாற்றக் கூடாத கோப்புக் கொடிகளையும் ஒருசேரக் காக்கிறது. லினக்ஸ் இவற்றை ஒவ்வொன்றாக, வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு கைகளால் செய்தது. அதனால்தான் தணிக்கைப் பூட்டை மட்டும் போட்டுவிட்டு மாடியூல் கதவைத் திறந்து வைத்திருக்கும் சர்வர்கள் இவ்வளவு இருக்கின்றன.

லாக்டவுனின் விலை, வெளியார் தரும் மாடியூல்களில் தெரியும். கிராபிக்ஸ் அட்டைக்கோ காப்பு மென்பொருளுக்கோ உரிய மாடியூலை உங்கள் சாவியால் நீங்களே கையொப்பமிட வேண்டும். அந்தத் தனிச்சாவி அதே சர்வரின் வட்டில் இருந்தால், ரூட் ஆனவர் தன் மாடியூலுக்கும் கையொப்பம் போட்டுக்கொள்வார். சில பகிர்வுகளில் தானியங்கி ஏற்பாடு சாவியை அங்கேதான் வைக்கிறது. இன்னொன்று, செக்யூர் பூட் கெர்னலின் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. வழக்கமான ஏற்பாட்டில், அதற்குத் தரப்படும் தொடக்க அளவுருக்களைச் சரிபார்ப்பதில்லை. அங்கே தணிக்கை 0 என்று எழுதி மறுதொடக்கம் செய்தால், பூட்ட வேண்டிய தணிக்கை எழவே எழாது. கெர்னலையும் அளவுருக்களையும் ஒரே கையொப்பக் கோப்பாகக் கட்டும் ஏற்பாடுதான் அந்த இடைவெளியை அடைக்கும். அளவுருவில் தணிக்கை 1 என்று எழுதிவைப்பதற்கு வேறொரு நன்மையும் உண்டு: தணிக்கை எழும்முன் பிறந்த செயல்முறைகள் கணக்கில் வராமல் போவதை அது தவிர்க்கிறது.

எந்த இயந்திரத்துக்கு எது

எல்லா வழிகளிலும் முதலில் செய்ய வேண்டியது பதிவை வெளியே அனுப்புவதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. அனுப்பாமல் பூட்டிய சர்வரில், விதிகள் அழியாமல் இருக்கும், பதிவுக் கோப்பு அழிந்திருக்கும். அனுப்புவது நிலைபெற்ற பிறகு, பூட்டுவதா வேண்டாமா என்பதை இரண்டு கேள்விகள் தீர்மானிக்கின்றன: விதிகள் எவ்வளவு அடிக்கடி மாறுகின்றன, இயந்திரம் எவ்வளவு அடிக்கடி மறுதொடக்கம் ஆகிறது.

கெர்னல் திருத்தங்களுக்காக மாதம் ஒருமுறை திட்டமிட்டு மறுதொடக்கம் காணும் சர்வருக்குப் பூட்டின் விலை மிகக் குறைவு. விதி மாற்றங்கள் அடுத்த பராமரிப்பு நேரத்துக்குக் காத்திருக்கும். திட்டத்தில் இல்லாத மறுதொடக்கம் தனித்துத் தெரியும். உள்நுழைவுச் சேவை, சான்றிதழ் சேவை, சம்பளக் கணக்கு போன்றவை ஓடும் இயந்திரங்களைத் தயங்காமல் பூட்டுவேன், லாக்டவுனையும் சேர்த்தே.

மேகக் கணிமையில், சுமை கூடினால் பிறந்து குறைந்தால் மறையும் இயந்திரங்களின் கதை வேறு. பூட்டுவது அங்கே இலவசம். விதி மாற வேண்டுமென்றால் புது வார்ப்பிலிருந்து புது இயந்திரம் எழும், பழையது போய்விடும். ஆனால் பிறப்பும் இறப்பும் அன்றாடம் என்பதால், மறுதொடக்கச் சத்தம் யார் காதிலும் விழாது. அங்கே பூட்டைவிட, ஒருமுறை எழுந்த இயந்திரம் அதே உடலோடு இரண்டாம் முறை எழுந்தால் அதைக் குழுவிலிருந்து விலக்கிவிடும் ஏற்பாடே அதிகம் காக்கும்.

கண்டெய்னர்கள் ஓடும் தாய் இயந்திரத்தில், தணிக்கை கெர்னலுக்கு ஒன்றுதான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கண்டெய்னருக்குள்ளிருந்து விதிகளைத் தொட முடியாது. தாயில் பூட்டினால் எல்லாவற்றுக்கும் அதுவே சட்டம். ஒரு குழுவின் மென்பொருளுக்காக எழுதிய விதி சத்தம் போட்டால், அதே இயந்திரத்தில் உள்ள மற்ற எல்லாக் குழுக்களும் மறுதொடக்கத்துக்குச் சம்மதிக்க வேண்டும். இங்கே பொதுவான, மாறாத விதிகளை மட்டும் பூட்டிவிட்டு, மென்பொருள் சார்ந்தவற்றை ஈபிபிஎஃப் வழிக் கண்காணிப்பு நிரல்களிடம் (கெர்னலுக்குள் சிறு நிரல்களை ஓட்டிக் கவனிப்பவை) விடுவதையே பரிந்துரைப்பேன். அந்த நிரல்களை ரூட் நிறுத்திவிடலாம் என்பது உண்மை. நிறுத்துவதைக் குறித்துவைக்கப் பூட்டிய தணிக்கை இருக்கிறது.

மென்பொருள் கட்டமைக்கும் இயந்திரங்களையும் சோதனைக் கூடங்களையும் நான் பூட்டுவதில்லை. அங்கே அடைவுகள் நாள் முழுவதும் பிறந்து அழிகின்றன. கோப்பு விதிகள் உதிர்ந்துகொண்டே இருக்கும். பூட்டு அவற்றைத் திரும்பச் சேர்ப்பதைத் தடுப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாது.

ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் நிறுத்த அனுமதி கிடைக்கும் பெரிய தரவுத்தள சர்வர்தான் உண்மையிலேயே கடினமான வழக்கு. உள்ளே இருப்பதன் மதிப்பு அதிகம், எனவே பூட்டு வேண்டும். பிழையான விதியோடு பூட்டினால் ஓராண்டு சுமக்க வேண்டும், எனவே பூட்டு அச்சமூட்டும். இதற்கு நான் கைக்கொள்ளும் முறை, அதே சுமையைத் தரும் சோதனை இயந்திரத்தில் அதே விதிகளைச் சில வாரங்கள் ஓடவிட்டு, தொலைந்த பதிவுகளின் எண்ணிக்கை 0-இலேயே நிற்கிறதா என்று பார்ப்பது. பிறகு உண்மையான சர்வரில் பூட்டு வரி இல்லாமல் விதிகளை ஏற்றி, மாத இறுதிக் கணக்கு முடிப்பு போன்ற உச்ச நேரம் ஒன்றைக் கடக்க விட வேண்டும். மதிப்பை 2 ஆக்குவதற்கு மறுதொடக்கம் தேவையில்லை. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலிலேயே செய்யலாம். உச்ச நேரம் அமைதியாகக் கடந்த மறுநாள், கோப்பில் அந்த வரியைச் சேர்த்துவிட்டு, கட்டளையிலும் அதையே கொடுத்துப் பூட்டலாம். அன்று முதல், சேகரிப்பு இயந்திரத்தில் அந்த சர்வரின் தொடக்கப் பதிவு எப்போது வந்தாலும், அதற்கு ஈடான பராமரிப்பு ஒப்புதல் எண் இருக்கிறதா என்று ஒருவர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எண் இல்லாத தொடக்கம் வந்தால், இயந்திரத்தை வலையிலிருந்து கழற்றிய பிறகுதான் காரணம் கேட்க வேண்டும்.